ஹாபி ஹார்சிங்: ‘கோற்குதிரையேற்றம்’ என்று சொல்லலாமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

ஹாபி ஹார்சிங் என்பது, கோலில் செருகிய குதிரைத்தலையைப் பிடித்துக்கொண்டு குதிரையைப்போலவே ஓடித் தடை தாண்டும் விளையாட்டு. அதைத் தமிழில் எப்படிச் சொல்லலாம் என்ற கேள்விக்கு இதுவரை நான்கு சொற்கள் வந்திருக்கின்றன: பொழுதுபோக்குக் குதிரை, பொம்மைக்குதிரை ஆட்டம், பொய்க்கால் குதிரை, குச்சிக்குதிரை. நான் ஐந்தாவதாக ஒன்றைச் சொல்ல வருகிறேன். அதற்கு முன் இந்த நான்கும் எனக்கு ஏன் ஒத்துவரவில்லை என்று சொல்லிவிடுகிறேன்.

‘பொழுதுபோக்குக் குதிரை’ ஆங்கிலச் சொல்லைத் தலைகீழாகப் படித்ததால் வந்தது. ஹாபி என்பது ஆங்கிலத்தில் முதலில் ஒரு சிறிய வகைக் குதிரையின் பெயர். பிள்ளைகள் கோலில் தலை செருகி ஓட்டும் குதிரைக்கு அதிலிருந்து ஹாபி ஹார்ஸ் என்று பெயர் வந்தது. ஒருவர் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும் ஆசைக்கும் பிறகு அதே பெயர் ஒட்டிக்கொண்டது. கடைசியில் ஹார்ஸ் உதிர்ந்து ஹாபி மட்டும் நின்றது. குதிரையிலிருந்துதான் பொழுதுபோக்கு வந்தது என்னும்போது, அதைத் திரும்பக் குதிரையின் தலையில் கட்டுவது சரியில்லை.

அதோடு, இந்த விளையாட்டு இப்போதுள்ள வடிவத்தில் வளர்ந்தது ஆங்கிலேயரிடம் இல்லை, பின்லாந்தில். அங்கே அந்தக் குதிரைக்குக் கெப்பிஹெவோனென் என்று பெயர். கெப்பி என்றால் கோல், ஹெவோனென் என்றால் குதிரை. சுவீடன் மொழியிலும் ஜெர்மனிலும்கூட கோலையும் குதிரையையும் சேர்த்தே பெயர் வைத்திருக்கிறார்கள். அதனால் நாமும் ஆங்கிலத்தைச் சுற்றிக்கொண்டு போகாமல் நேராகக் கோலையும் குதிரையையும் எடுத்துக்கொள்ளலாம்.

‘பொம்மை’ என்ற சொல்லை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். இதைச் சற்று அழுத்தியே சொல்கிறேன். என் அக்கா மகள் ஒரு வருடமாகப் பயிற்சி செய்கிறாள். அவள் குதிரையின் தலை அவளே தைத்தது: துணிக்குள் பஞ்சு அடைத்து, கம்பளி நூலில் பிடரி வைத்து, நாடாவில் கடிவாளம் கட்டியிருக்கிறாள். ஒருநாள் நான் பொம்மை என்று சொல்லிவிட்டேன். “மாமா, பொம்மைன்னா விளையாடிட்டு எடுத்து வெச்சிடலாம். இதுக்கு நான் தினமும் ஓடணும்” என்றாள். அவள் ஓடுவதைப் பக்கத்தில் நின்று பார்த்தால் அந்தப் பேச்சின் பொருள் புரியும். இடுப்புக்கு மேலே சேணத்தில் அமர்ந்தவரைப்போல முதுகு நிமிர்ந்து அசையாமல் இருக்க வேண்டும். இடுப்புக்குக் கீழே கால்கள் குதிரையின் நடையைக் காட்ட வேண்டும். உண்மைக் குதிரையின் சாதாரண நடையில் நான்கு தட்டு, துள்ளோட்டத்தில் இரண்டு, அதற்கடுத்த பாய்ச்சலில் மூன்று. இரண்டே காலை வைத்துக்கொண்டு அந்த மூன்று தட்டுப் பாய்ச்சலைக் கொண்டுவர, ஒரு காலை எப்போதும் முன்னால் வைத்துத் துள்ள வேண்டும். வளைவில் திரும்பும்போது எந்தக் கால் முன்னால் வர வேண்டும் என்பதுவரை பார்ப்பார்கள். தடை தாண்டும்போது கோலையும் தூக்கிக்கொண்டு தாண்ட வேண்டும், தடையின் மேலிருக்கும் கம்பு விழக் கூடாது.

2019-இல் பின்லாந்தின் செய்னயோக்கி நகரில் நடந்த தேசியப் போட்டியில் 400-க்கும் மேற்பட்டோர் கலந்துகொண்டார்கள். ஜெர்மனியின் முதல் தேசியப் போட்டி 2024-இல் பிராங்க்பர்ட்டில் நடந்தது. பெரும்பாலும் பதின்வயதுப் பெண்கள். கேலிக்குப் பயந்து பள்ளித் தோழிகளிடம்கூடச் சொல்லாமல் ஒளித்து வைத்திருந்தவர்கள் அவர்களில் பலர். தமிழில் இந்த விளையாட்டைப் பற்றி முதன்முதலாகப் படிக்கப்போகும் ஒரு பெண்ணுக்கு அந்தக் கேலியை நம் சொல்லே கொண்டுபோய்க் கொடுக்கக் கூடாது.

‘பொய்க்கால் குதிரை’யைச் சொன்னவரின் எண்ணம் எனக்குப் பிடித்திருந்தது. கையில் இருக்கும் சொல்லை எடுப்பதுதான் நல்ல வழக்கம். ஆனால் அது ஒரு நிகழ்த்துகலைக்கு உரிய பெயர். மேலும், அதில் ஆடுபவர் காலில் மரக்கால் கட்டிக்கொள்வதால்தான் பொய்க்கால் என்கிறோம். இங்கே குதிரைக்குத் தலை மட்டும்தான் செய்து வைத்தது, கால் முழுக்க ஓடுகிறவருடையது. பெயர் நேர் எதிராகப் போய்விடும்.

சரி, கோலுக்கு எந்தச் சொல்? குச்சி என்றால் ஒடிந்துவிடும்போல் இருக்கிறது. கம்பு தானியத்தையும் நினைவூட்டும், தாண்டும் தடையிலும் கம்பு இருப்பதால் விதிகளை எழுதும்போது குழப்பும். தடிக்குதிரை என்று சொல்லிப் பாருங்கள், தடிமாடு என்று திட்டுவதுபோல் காதில் விழுகிறது! கோல் அப்படி இல்லை. ஊன்றுகோல், தூண்டுகோல், எழுதுகோல் எல்லாவற்றிலும் அது ஒரு வேலைக்காகக் கையில் பிடிப்பது.

கோல்குதிரையா, கோற்குதிரையா என்ற கேள்வி வரும். பால்குடம் என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள், பாற்குடம் என்பதில்லை. அதனால் பொதுவாக நான் புணர்ச்சியை வற்புறுத்துகிறவன் இல்லை. ஆனால் இங்கே கோற்குதிரை என்றே எழுத வேண்டும் என்பேன். விளையாட்டுச் செய்தியில் கோல் என்று பார்த்தவுடன் நம் மனம் கால்பந்துக்குப் போய்விடும். றகரம் அதைத் தடுத்துவிடுகிறது.

ஆக, பொருளுக்குக் கோற்குதிரை, விளையாட்டுக்குக் கோற்குதிரையேற்றம். கால் தரையில் இருக்கும்போது ஏற்றம் எப்படி என்று ஒரு நண்பர் கேட்டிருந்தார். நியாயமான கேள்விதான். ஆனால் குதிரையேற்றம் என்பது இன்று ஏறுகிற செயலை மட்டும் குறிப்பதில்லை, ஒரு முழு விளையாட்டுத் துறையின் பெயர். தடைதாண்டல், நடை ஒழுங்கு, கடிவாளம் பிடிக்கும் முறை எல்லாம் அங்கிருந்துதான் இங்கே வந்திருக்கின்றன. தவிர, காதல் கைகூடாத காதலன் பனை மடலைக் குதிரையாக்கி அதன்மேல் ஊருக்குள் வருவதை மடலேறுதல் என்று சொன்ன மொழி இது. மடல்மா என்று அதற்குப் பெயரும் வைத்திருந்தார்கள். அந்தக் காதலன் அதில் வந்தது ஊரார் சிரிப்பார்கள் என்று தெரிந்தேதான். அந்த ‘ஏறு’ இங்கேயும் வரட்டும் என்று எனக்கு ஆசை.

சொல் நீளம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். இடம் தெரிந்த பிறகு கோலேற்றம் என்று சுருக்கிக்கொள்ளலாம்.

இன்னும் சொல் முடிவாகாதது டிரெஸ்ஸாஜ், அதாவது குதிரையின் நடைகளை ஒழுங்காகச் செய்துகாட்டும் போட்டி. உண்மைக் குதிரைக்கும் கோற்குதிரைக்கும் பொதுவான சொல்லாக இருக்க வேண்டும். குதிரையின் ஐந்து நடைகளுக்கு ஐங்கதி என்ற பழைய பெயர் இருப்பதால், கதிநடை என்று யோசித்தேன். கதி, நடை இரண்டும் ஒன்றையே சொல்வது உறுத்துகிறது. கதியொழுங்கு என்றால் சரியாக வருமா? குதிரை பழக்குகிறவர்கள் யாரையாவது உங்களுக்குத் தெரிந்திருந்தால், அவர்கள் வாயில் என்ன சொல் வருகிறது என்று கேட்டு எழுதுங்கள். அதன் பிறகு பட்டியலில் சேர்க்கலாம்.