புதுப்பிப்பு: பெருமாள்மலை விபத்தும் இன்சூரன்ஸ் இல்லாத காரும்

வத்தலக்குண்டு–கொடைக்கானல் சாலையில், பெருமாள்மலைக்குக் கீழே ஒரு வளைவில், மாமாவின் ஸ்கூட்டரைக் கார் இடித்து அவருக்குக் கால் முறிந்தது. காரின் இன்சூரன்ஸ் காலாவதி, செலவுக்கு யாரைக் கேட்பது என்று முன்பு எழுதியிருந்தேன். இப்போது வக்கீலைப் பார்த்துவிட்டோம்.

இன்சூரன்ஸ் இல்லாமல் ஓட்டியதற்கு மோட்டார் வாகனச் சட்டம் 196-வது பிரிவு இருக்கிறது. முதல் முறை என்றால் 3 மாதம் வரை சிறை, அல்லது 2,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். அந்த அபராதம் அரசுக்குப் போகும், மாமாவுக்கு ஒரு பைசா வராது. நஷ்டஈட்டுக்கு, விபத்து நடந்த 6 மாதத்துக்குள், விபத்து நஷ்டஈட்டு வழக்குகளை விசாரிக்கும் தீர்ப்பாயத்தில் தனியாக மனுப் போட வேண்டும். கார்க்காரர் கோயம்புத்தூர் என்பதற்காக அங்கே அலைய வேண்டாம், நாம் இருக்கும் பகுதியிலேயே போடலாம்.

காரை ஓட்டியது உரிமையாளரின் நண்பர். "நான் ஓட்டவே இல்லையே" என்றார் உரிமையாளர். வக்கீல் சிரித்துவிட்டார். பணம் கட்ட இன்சூரன்ஸ் கம்பெனி இல்லாததால் ஓட்டியவரும் உரிமையாளரும் சொந்தப் பணத்தில்தான் கட்ட வேண்டுமாம்.

போலீஸ் பிடித்து வைத்த காரை எடுக்கவும் நஷ்டஈட்டுக்குப் போதிய ஜாமீன் காட்ட வேண்டும். இல்லையென்றால் 3 மாதத்துக்குப் பிறகு ஏலம்; அந்தப் பணம் தீர்ப்பாயத்துக்குப் போகும். ஐயாயிரம் ரூபாயில் முடிக்கப் பார்த்த உரிமையாளர் இதைக் கேட்டதிலிருந்து தினமும் போன் செய்கிறார்!

மாமாவின் சொந்த இன்சூரன்ஸ்? அது மூன்றாம் நபருக்கானது மட்டும், அவர் காலுக்கு உதவாது. சரி, ஆஸ்பத்திரி ரசீதுகளை அத்தை ஒன்றுவிடாமல் வைத்திருக்கிறார். அடுத்த வாரம் மனு.