கல்லிடைக்குறிச்சி வீட்டு குரூப்: நீலமா நிக்குத கம்ப்யூட்டர் பெட்டி

முருகன் சித்தப்பா: (படம்) ஏட்டி வள்ளி, இதப் பாரு. ராத்திரி இடி இடிச்சு கரண்டு போயிட்டுலா. காலைல கம்ப்யூட்டரை ஆன் பண்ணா நீலமா நிக்கு, அசையமாட்டேங்கு.

கணேஷ்: ஃபார்மட்தான் சித்தப்பா.

வள்ளி: ஏல, சும்மா கெட. சித்தப்பா, எரர் நம்பர் இருக்குலா, அதக் கிட்ட வச்சு எடுங்க. படத்துல உங்க கை நெழல்தான் தெரியுது.

முருகன் சித்தப்பா: ஜீரோ எக்ஸ் சி, பொறவு வரிசையா ஜீரோ, கடைசில எஃப்.

வள்ளி: அப்போ விண்டோஸ் இன்னும் சாகலைன்னு நெனைக்கேன். அது எங்கன இருக்குன்னு மெஷினுக்குச் சொல்லுத பிசிடி ஃபைல் கெட்டிருக்கு. கரண்டு பட்டுன்னு போனா இப்படி ஆவும். ஹார்டு டிஸ்க் மண்டையப் போட்டாலும் இதே எரர் வரும். அதனால மொத வேலை, உள்ள இருக்கத வெளிய எடுக்கது.

செல்வி அத்தை: தம்பி, அப்பா சதாபிஷேக போட்டோ அதுலதான இருக்கு?

முருகன் சித்தப்பா: அதுவும் இருக்குக்கா. அப்பளக் கணக்கு பூரா டாலிங்குத கணக்கு சாஃப்ட்வேர்ல கெடக்கு, யார் யார் பாக்கின்னு எல்லாம். பஜார்ல ஒரு கடையில கேட்டேன், ஃபார்மட்டுக்கு 1500, ஃபைல் எதுவும் மிஞ்சாதுங்கான்.

வள்ளி: குடுக்காதிய. தம்பி லேப்டாப்ல மைக்ரோசாஃப்டோட மீடியா கிரியேஷன் டூலை எறக்கி, 8 ஜிபி பென்டிரைவ்ல விண்டோஸ் 10 ஏத்தச் சொல்லுங்க. பென்டிரைவ்ல உள்ளது அழிஞ்சிரும், காலியானதா எடுங்க.

முருகன் சித்தப்பா: ஏத்தியாச்சு.

வள்ளி: ஹெச்பிதான? ஆன் பண்ணதும் எஃப் 9 அமுக்கிக்கிட்டே இருங்க. வருத பட்டியல்ல பென்டிரைவ் பேரு லெகஸி, யுஇஎஃப்ஐன்னு ரெண்டு எடத்துல காட்டுனா, உங்க விண்டோஸ் எந்த முறைல ஏத்துனதோ அதுக்குக் கீழ உள்ளத எடுங்க. இன்ஸ்டால் நவ்ல கையே வைக்கக் கூடாது. இடது ஓரத்துல ரிப்பேர் யுவர் கம்ப்யூட்டர்னு சின்னதா கெடக்கும். அதுல டிரபிள்ஷூட், கமாண்ட் பிராம்ப்ட்.

முருகன் சித்தப்பா: கறுப்பா வந்துட்டு.

வள்ளி: நோட்பேட்னு அடிச்சு என்டர் தட்டுங்க.

கணேஷ்: லெட்டர் எழுதப் போறாவளா?

வள்ளி: ஃபைல், ஓப்பன் போங்க. கீழ ஆல் ஃபைல்ஸ்னு மாத்துனா எல்லா டிரைவும் தெரியும். அங்கனயே காப்பி, பேஸ்ட் பண்ணலாம்.

முருகன் சித்தப்பா: சி டிரைவ்ல ஒண்ணுமே இல்லட்டி!

பாப்பா சித்தி: அய்யய்யோ

வள்ளி: பதறாதிய. இங்க டிரைவ் எழுத்து மாறித் தெரியும். யூசர்ஸ் ஃபோல்டர் எதுல இருக்கோ அதான் உங்க சி.

முருகன் சித்தப்பா: டி-ல கெடக்கு.

வள்ளி: டாலி ஃபோல்டரையும் போட்டோவையும் இன்னொரு பென்டிரைவ்ல போடுங்க. பச்சைக் கோடு ஒண்ணும் ஓடாது, ஒறஞ்ச மாதிரி நிக்கும். ஆஃப் பண்ணிராதிய.

பாப்பா சித்தி: இன்னும் நிக்கு. இவிய முன்னால உக்காந்து சாமி கும்புடுத மாதிரி இருக்காவ.

முருகன் சித்தப்பா: ஏறிட்டு! தம்பி லேப்டாப்ல தெறந்து பாத்தேன், பாக்கி லிஸ்ட் இருக்கு. போட்டோவும் இருக்குக்கா.

வள்ளி: இனி ரிப்பேர். டிரபிள்ஷூட்ல ஸ்டார்ட்டப் ரிப்பேர் குடுத்துப் பாருங்க.

முருகன் சித்தப்பா: முடியலங்குது.

வள்ளி: அது பாதி நேரம் அப்படித்தான் சொல்லும். மறுபடி கறுப்புத் திரைக்குப் போங்க. பூட்ரெக், ஒரு எடம் விட்டு சாய்கோடு, ஒட்டுனாப்ல ரீபில்ட்பிசிடின்னு அடிங்க (bootrec /rebuildbcd), கெட்ட பிசிடிய அது திருப்பிக் கட்டும்.

முருகன் சித்தப்பா: ஐடென்டிஃபைடு 1-ங்குது. ஆட் பண்ணவான்னு கேக்கு.

வள்ளி: ஒய் அடிங்க. பென்டிரைவை உருவிட்டு ரீஸ்டார்ட்.

முருகன் சித்தப்பா: (படம்) வந்துட்டுட்டி!!

கணேஷ்: அப்படியே விண்டோஸ் 11 போட்டுருங்க. 10-க்கு 2025 அக்டோபர் 14-ஓட சப்போர்ட் முடிஞ்சிட்டு.

வள்ளி: அது நாலாம் ஜெனரேஷன் ஐ3 ப்ராசஸர்ல. 11-க்கு டிபிஎம் 2.0-ங்குத பாதுகாப்பு சிப் கேக்கும், இன்டெல்னா பெரும்பாலும் எட்டாம் ஜெனரேஷன்லேருந்துதான் ஒத்துக்கிடும். சித்தப்பா, டாலி மட்டுந்தான? நெட்டைக் கழத்திப் போட்டு ஓட்டுங்க. நாளைக்கு டிஸ்க்கையும் செக் பண்ணிருவோம். ஆமா, யுபிஎஸ் இருந்தும் எப்படி ஆஃப் ஆச்சு?

பாப்பா சித்தி: அதுக்கு பேட்டரி மாத்தச் சொல்லி சித்திரைலேருந்து சொல்லுதேன். கேட்டாவளா?

முருகன் சித்தப்பா: காலைல பேட்டரி வாங்க அம்பாசமுத்திரம் போறேன்.