புதுப்பிப்பு: வாகனம் இல்லாமல் ஒரே நாளில் ஊர்காவற்றுறையும் கடற்கோட்டையும்

யாழ்ப்பாணத்துக்கு அருகே தீவிலுள்ள பழைய துறைமுக ஊரான ஊர்காவற்றுறையையும், அதன் எதிரே கடலுக்குள் நிற்கும் கடற்கோட்டையையும் (ஹம்மன்ஹீல்) சொந்த வாகனம் இல்லாமல் ஒரே நாளில் பார்க்க முடியுமா என்று முன்பு இங்கே கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. முடிந்தது.

யாழ்ப்பாணத்திலிருந்து தீவுக்குக் கடலூடாகப் போகும் பண்ணைச் சாலை வழியாகவே போய் வரச் சொன்னவர்கள்தான் அதிகம். ஆனால் கைகொடுத்தது, "திரும்பி வராதீர்கள், பாதையில் காரைநகருக்குக் கடந்துவிடுங்கள்" என்ற யோசனை. (பாதை என்பது ஆட்களையும் வாகனங்களையும் கடல் கடத்தும் மிதவை; காரைநகர் எதிர்க்கரை ஊர்.) காலையில் யாழ்ப்பாணத்திலிருந்து பஸ்ஸில் ஊர்காவற்றுறை. அங்கிருந்து பாதை. மோட்டார் சைக்கிள்களோடு சேர்ந்து நின்றபடி சில நிமிடங்களில் அக்கரை. அப்புறம் காரைநகரிலிருந்து பஸ்ஸில் யாழ்ப்பாணம்.

எதிர்பாராதது ஒன்று. ஊர்காவற்றுறைத் துறையில் நின்றால் கடற்கோட்டை கைக்கெட்டும் தூரத்தில் தெரிகிறது. ஆனால் கோட்டைக்குப் போகும் படகு காரைநகர்ப் பக்கம், கடற்படையிடம்தான். இது தெரியாமல் இக்கரையில் ஒரு மணி நேரம் படகு தேடினேன். போர்த்துக்கேயர் கட்டி, 1658இல் ஒல்லாந்தர் பிடித்த கோட்டை அது. இப்போது கடற்படை அதைத் தங்கும் விடுதியாக நடத்துகிறது.

ஊருக்குள்ளும் நேரம் ஒதுக்குங்கள். ஒரு காலத்தில் யானைகளைக் கப்பலேற்றிய துறைமுகம் இது. 'கயிற்ஸ்' என்ற இந்த ஊரின் ஆங்கிலப் பெயரே துறையைக் குறிக்கும் போர்த்துக்கேயச் சொல்லிலிருந்து வந்தது. கூரையிழந்த பழைய வீடுகளைக் கடந்து நடந்தபோது மனம் கனத்துவிட்டது. கரையோரம் நிழல் குறைவு; தண்ணீர் கொண்டுபோங்கள்.