ஜெம் ஆர்டர்: சரக்கு இறங்கிவிட்டது, சிஆர்ஏசி வரவில்லை

வணக்கம். கோவையிலிருந்து வெளிமாநிலத்தில் உள்ள மத்திய அரசு அலுவலகம் ஒன்றுக்கு ஜெம் (அரசு அலுவலகங்கள் பொருள் வாங்கும் ஆன்லைன் சந்தை) வழியாக 12 ஸ்டீல் பீரோ அனுப்பினோம். மார்ச் 4-ல் இறக்கியாயிற்று, பிஆர்சியும் (சரக்கு வந்ததற்கான தற்காலிக ரசீது) வந்தது. 10 நாளில் வரவேண்டிய சிஆர்ஏசி (சரக்கைப் பெற்று ஏற்றுக்கொண்டதற்கான சான்றிதழ்) ஜூன் பிறந்தும் வரவில்லை. அது இல்லாமல் பில் நகராது. சரக்கைப் பெற்ற அதிகாரி மாற்றலாகிவிட்டார், அவர் ஐடியிலேயே எல்லாம் நிற்கிறது. சிக்கலின் வேர் இதுதான்.

ஜெம்மில் இன்சிடென்ட் (புகார்) போட்டோம், பதிலில்லை. அலுவலகத்துக்கு ஸ்பீடு போஸ்ட்டும் அனுப்பியாயிற்று. குறை சொல்லி எழுத்தில் எதுவும் வரவில்லை. 15 நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபம் இல்லையென்றால் ஏற்றதாகவே 2006 எம்எஸ்எம்இ (குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள்) சட்டம் கொள்கிறது; பணம் தருவதற்கான 45 நாள் கெடுவும் தாண்டிவிட்டது. எங்கள் உத்யம் பதிவு (எம்எஸ்எம்இ நிறுவனப் பதிவு) ஆர்டருக்கு முந்தையது. இன்வாய்ஸ், இ-வே பில், சீல் வைத்த டெலிவரி சலான் கையில் இருக்கின்றன.

சிஆர்ஏசி இல்லாமல், பிஆர்சியையும் சலானையும் மட்டும் வைத்து சமாதான் போர்ட்டலில் (எம்எஸ்எம்இ நிலுவைப் பணத்துக்கு மனு போடும் தளம்) போட்ட மனுவை யாருக்காவது கவுன்சில் (அந்த மனுக்களை விசாரிக்கும் அமைப்பு) ஏற்றிருக்கிறதா?