முதிரை மரத்தில் செதுக்கப் பழக உதவி வேண்டும்

உறவுகளே, வணக்கம். புதுக்குடியிருப்பில் இருக்கிறேன், வயது 43. மூன்று மாதமாக மாலை வேளைகளில் மரம் செதுக்கிப் பழகுகிறேன். வேம்பில் ஒரு தாமரை ஓரளவு வந்துவிட்டது. அப்பாவின் வீட்டுப் பழைய கதவு நிலையிலிருந்து எடுத்த முதிரைத் துண்டுதான் படாதபாடு படுத்துகிறது. ரேகை எதிரெதிராக ஓடுவதால், இடப்பக்கம் வழுவழுப்பாகச் சீவும் உளி வலப்பக்கம் வந்ததும் சிம்பு சிம்பாகப் பிய்க்கிறது. நேற்று மயிலின் கழுத்து அப்படித்தான் போனது, மனம் தாங்கவில்லை. ஆனாலும் முதிரையை விட மனமில்லை, அந்த மஞ்சள் மினுக்கம் வேம்பில் வராது.

உளியை எந்தச் சரிவில் தீட்ட வேண்டும்? நல்ல நகவுளி (நகம்போல் வளைந்த வாயுள்ள உளி) எங்கே கிடைக்கும்? முல்லைத்தீவு, கிளிநொச்சிப் பக்கம் கோயில் வாகனம் செய்யும் ஆசாரியார் யாராவது ஞாயிற்றுக்கிழமைகளில் சொல்லித்தருவாரா? உரிய கட்டணம் தருவேன். பட்டறையைக் கூட்டிப் பெருக்கவும் ஆயத்தம்.