திருநீற்றால் துலக்கிய டாலர்: வெள்ளி நாணயங்களோடு எங்கள் அனுபவங்கள்

முதல் பகிர்வு

நியூ ஜெர்சியில் நாங்கள் குடியிருந்த வீட்டின் உரிமையாளரான மூதாட்டி, எங்கள் மகன் பிறந்தபோது, தம் கணவர் சேர்த்து வைத்திருந்த, மார்கன் டாலர்கள் எனப்படும் பழைய அமெரிக்க வெள்ளி நாணயங்களில் இரண்டைப் பரிசாகக் கொடுத்தார். ஒன்று 1879-ஆம் ஆண்டினது. மற்றொன்று 1921-ஆம் ஆண்டினது. பேறுகாலத்துக்காக ஊரிலிருந்து வந்திருந்த என் தாயார், கருத்திருந்த பழைய நாணயத்தை, வெள்ளிக் கிண்ணத்தைத் துலக்குவது போலத் திருநீறு இட்டுத் துணியால் தேய்த்துப் பளிச்சென்று ஆக்கித் தந்தார்.

பல ஆண்டுகள் கழித்து ஒரு நாணயக் கண்காட்சியில் அவற்றைக் காட்டினேன். அங்கிருந்த வணிகர் 1879 நாணயத்தைத் திருப்பி, கழுகின் கீழே உள்ள மாலைக்கு அடியில் 'சிசி' என்ற எழுத்துகள் இருப்பதைச் சுட்டிக்காட்டினார். அது நெவாடா மாநிலத்துக் கார்சன் சிட்டி நாணயச்சாலையின் குறி. அவ்வாண்டு பிலடெல்பியாவில் ஏறத்தாழ 1 கோடியே 48 லட்சம் டாலர்கள் அடிக்கப்பட்டிருக்க, கார்சன் சிட்டியில் அடிக்கப்பட்டவை 7,56,000 மட்டுமே. பிறகு அவர் நாணயத்தை விளக்கின்கீழ் மெல்லச் சாய்த்தார். கைபடாத டாலரில் ஒளி சக்கரத்தின் ஆரங்கள் போலச் சுழன்று வருமாம். என்னுடையதிலோ நுண்ணிய கீறல்கள் மட்டுமே ஒரே திசையில் மின்னின. தரச்சான்று நிறுவனங்கள் இத்தகைய நாணயத்துக்கு எழுபது வரையிலான தர எண்ணைத் தராமல், 'துலக்கப்பட்டது' என்று மட்டும் குறித்துவிடும் என்றார். அந்தக் கருமையே அதன் பாதுகாப்பாக இருந்தது என்பதை அன்றுதான் அறிந்தேன்.

மறுமொழி

என் அனுபவம் நினைவு நாணயங்களைப் பற்றியது. விடுதலைச் சிலையின் நூற்றாண்டுக்காக 1986-இல் வெளியான வெள்ளி டாலரை, அழகிய பெட்டியும் சான்றிதழும் கெடாமல் இருபது ஆண்டுகளுக்கு மேல் காத்து வந்தேன். விற்கச் சென்ற கடையில் பெட்டியைத் தனியே வைத்துவிட்டு, நாணயத்தைத் தராசில் இட்டு, வெள்ளியின் விலையைத்தான் சொன்னார்கள். மெருகேற்றிய 'ப்ரூஃப்' வகையில் மட்டும் 64 லட்சத்துக்கும் மேல் விற்பனையான நாணயம் அது. அதை வாங்கியவர்கள் எல்லோரும் என்னைப் போலவே பத்திரப்படுத்தியிருக்கிறார்கள். 1900 என்று ஆண்டு பொறித்த லஃபாயெட் டாலர் என்னும் நினைவு நாணயத்தின் நிலை வேறு. அடித்த 50,000 நாணயங்களில் விற்காத 14,000 பின்னர் உருக்கப்பட்டதால், இன்றும் அதற்குச் சேகரிப்பாளர்களிடையே போட்டி உண்டு.

மறுமொழி

உருக்கப்பட்டவை என்றதும் ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். அமெரிக்காவின் 1918-ஆம் ஆண்டு பிட்மன் சட்டத்தின்படி 27 கோடிக்கு மேற்பட்ட வெள்ளி டாலர்கள் உருக்கப்பட்டு, அவற்றின் வெள்ளியில் பெரும்பகுதி பிரிட்டன் வழியாக இந்தியாவுக்கு வந்து ரூபாய் அடிக்கப் பயன்பட்டது. ஆகவே எத்தனை அடித்தார்கள் என்பதைவிட எத்தனை எஞ்சின என்பதே முக்கியம். சான்பிரான்சிஸ்கோவில் ஒரு லட்சம் மட்டுமே அடிக்கப்பட்ட 1893 மார்கன் டாலரை என்னிடம் ஒருவர் மலிவாக விற்க முன்வந்தார். 26.73 கிராம் எடை சரியாகவே இருந்தது. உருப்பெருக்கியில் பார்த்தபோதுதான், சாதாரண பிலடெல்பியா நாணயத்தின்மேல் சான்பிரான்சிஸ்கோவின் குறியான 'எஸ்' எழுத்தைத் தனியே ஒட்டியிருந்தது தெரிந்தது.

முதலில் எழுதியவரின் பதில்

விற்றுவிட்டீர்களா என்று தனிச்செய்தியில் சிலர் கேட்டிருந்தீர்கள். துலக்கப்பட்ட நிலையிலும் அந்தக் கார்சன் சிட்டி டாலருக்கு வெள்ளி விலையைவிடப் பல மடங்கு தருவதாக வணிகர் சொன்னார், நான் கொடுக்கவில்லை. 1921 நாணயம் இன்னும் கருத்தே இருக்கிறது. அதை யாரும் தொடாதபடி உறையில் இட்டு, மகனிடம் ஒப்படைத்திருக்கிறேன். அம்மாவிடம் இந்தக் கதையைச் சொல்லவில்லை.