டியு (டெல்லி யூனிவர்சிட்டி) எகனாமிக்ஸா, சோனிபட் பக்கம் சின்ன தனியார் பல்கலையா? பத்து நாளில் பணம் கட்டணுமாம்

ஆர்கேபுரம்வாசி:
வணக்கம். பொண்ணு பிளஸ் டூ முடிச்சுட்டா. சியுஇடியில (மத்திய பல்கலைகளுக்கான பொது நுழைவுத் தேர்வு) தமிழ், கணக்கு, எகனாமிக்ஸ், அக்கவுன்டன்சி எழுதியிருக்கா. ரிசல்ட் வரலை. அதுக்குள்ள ஹரியானாவுல சோனிபட் பக்கம் ஒரு தனியார் பல்கலை, டியூஷன் ஃபீஸ்ல பாதி ஸ்காலர்ஷிப்னு கடிதம் அனுப்பியிருக்கு. பத்து நாள்ல 1 லட்சம் கட்டி சீட்டை உறுதி பண்ணணும். எங்களுக்கு டியு எகனாமிக்ஸ் ஆனர்ஸ்தான் ஆசை. ஆனா அவ்வளவு பெரிய யூனிவர்சிட்டியில பிள்ளையை யார் கவனிப்பாங்கன்னு வீட்டம்மாவுக்குப் பயம். எதை வெச்சு முடிவு பண்றது?

நார்த்கேம்பஸ்:
சார், டியு பெரிசுங்கறது பேப்பர்லதான். சுமார் 90 கல்லூரி இருக்கு. பொண்ணு படிக்கப்போறது அதுல ஒண்ணுல, ஒரே டிபார்ட்மென்ட்ல. சிலபஸும் செமஸ்டர் பரீட்சையும் எல்லாருக்கும் பொது. பாடம் நடத்துறது, டுடோரியல், இன்டர்னல் மார்க் எல்லாம் கல்லூரி கையில. அதனால டியுவா தனியாரான்னு ஒப்பிடாதீங்க. கிடைக்கக்கூடிய நாலஞ்சு கல்லூரியோட டிபார்ட்மென்டை அந்தத் தனியார் டிபார்ட்மென்டோட ஒப்பிடுங்க.

அவ எழுதின பேப்பர் காம்பினேஷன் சரிதான். எகனாமிக்ஸ் ஆனர்ஸுக்கு ஒரு மொழி, கணக்கு, இன்னும் ரெண்டு பாடம். பேப்பருக்கு 250 வீதம் 1000க்கு மெரிட். தமிழும் மொழி லிஸ்ட்ல இருக்கு. சிஎஸ்ஏஎஸ் போர்ட்டல்ல (டியு சீட் ஒதுக்கற இணையதளம்) கல்லூரி விருப்ப வரிசை கொடுக்கும்போதுதான் நிறைய பேர் கோட்டை விடறாங்க. 'நம்ம மார்க்குக்கு இது வராது'ன்னு நல்ல கல்லூரியைக் கீழே தள்ளாதீங்க. மேலேயிருந்து எது வேணுமோ அதே வரிசையில போடுங்க, முடிஞ்ச அளவு நீளமா. வராததை மேலே போட்டதால கீழே இருக்கிற வாய்ப்பு குறையாது. சீட் ஒதுக்கினதும் கெடுவுக்குள்ள அக்செப்ட் பண்ணி ஃபீஸ் கட்டிடணும். பண்ணலைன்னா ஆட்டத்துலேர்ந்தே வெளியே. கட்டின பிறகு 'அப்கிரேட்' கொடுத்தா அடுத்த ரவுண்டுல மேல போகலாம். மேல கிடைச்சா பழைய சீட் தானா போயிடும், திரும்பக் கேட்க முடியாது.

கணக்குப்பிள்ளை:
கடிதத்துல ரெண்டு வரியைத் தேடுங்க. ஒண்ணு, ஸ்காலர்ஷிப் நாலு வருஷத்துக்குமா, இல்ல வருஷா வருஷம் குறிப்பிட்ட சிஜிபிஏ (எல்லா செமஸ்டருக்குமான சராசரி கிரேடு) இருந்தாத்தானா. ரெண்டு, ஃபீஸ் வருஷம் எத்தனை சதவீதம் ஏறும்.

உதாரணத்துக்கு முதல் வருஷ டியூஷன் 4 லட்சம், வருஷம் 8% ஏத்தம்னு வெச்சுக்கங்க. நாலு வருஷத்துக்கு 18.02 லட்சம் ஆகுது. பாதி ஸ்காலர்ஷிப் கடைசி வரை நின்னா உங்க கையிலேர்ந்து 9.01 லட்சம். மூணாம் வருஷம் சிஜிபிஏ குறைஞ்சு ஸ்காலர்ஷிப் போயிட்டா 13.86 லட்சம். ஹாஸ்டல், மெஸ் இதுல வரலை. பெரும்பாலும் ஸ்காலர்ஷிப் அதைத் தொடாது. டெல்லி ஆர்கே புரத்துலேர்ந்து சோனிபட் தினம் போய் வர்றது நடக்காத காரியம், அதனால ஹாஸ்டலையும் சேர்த்தே கணக்குப் போடுங்க.

அந்த 1 லட்சம் திரும்புமாங்கறதுதான் இப்போ அவசரமான விஷயம். யுஜிசியோட (பல்கலைக்கழக மானியக் குழு) 2018 அறிவிப்புப்படி, அட்மிஷன் கடைசித் தேதிக்கு 15 நாள் முன்னாடியே விலகினா முழு ஃபீஸும் திரும்பணும் (பிராசஸிங்னு 5%, அதிகபட்சம் 5,000 ரூபாய் பிடிக்கலாம்). 15 நாளுக்குள்ளன்னா 90%. கடைசித் தேதி தாண்டி 15 நாள் வரை 80%, 30 நாள் வரை 50%, அப்புறம் ஒண்ணும் இல்லை. சில வருஷம் யுஜிசி இன்னும் தாராளமான தேதிகளை அறிவிச்சிருக்கு, இந்த வருஷ சுற்றறிக்கையையும் பாருங்க. கடைசித் தேதி எதுன்னு பல்கலைகிட்ட மெயில்ல எழுதி வாங்குங்க. போன்ல சொன்னது செல்லாது. ஒரிஜினல் மார்க் ஷீட்டை எங்கேயும் விட்டுட்டு வராதீங்க. சரிபார்த்துத் திருப்பித் தரணும்ங்கறதும் யுஜிசி விதிதான்.

மயூர்விஹார்_டீச்சர்:
பிராஸ்பெக்டஸை மூடி வெச்சுட்டு, போன செமஸ்டர் டைம்டேபிளைக் கேளுங்க. ஒரே பேர் நாலு பேப்பர்ல வந்தாலோ, பேர் இருக்கவேண்டிய இடத்துல 'கெஸ்ட்'னு இருந்தாலோ யோசிக்கணும். (இந்த வியாதி டியு கல்லூரிகளிலும் உண்டு.) சின்ன டிபார்ட்மென்ட்ல எலெக்டிவ் பத்து அச்சடிச்சிருப்பாங்க, ஆள் சேரலைன்னா ரெண்டுதான் ஓடும். எகனாமெட்ரிக்ஸ் (புள்ளிவிவரத்தை வெச்சு பொருளாதாரத்தை ஆராயற பாடம்) யார் எடுக்கறாங்க, எந்த சாஃப்ட்வேர்லனு கேட்டாலே பாதி விஷயம் தெரிஞ்சுடும். நல்ல சின்ன இடமா இருந்தா வாராவாரம் எழுதினதைத் திருத்தித் திருப்பித் தருவாங்க. அந்தக் கவனிப்புக்குப் பணம் கொடுக்கலாம். வெறும் ஏசி கிளாஸுக்குக் கொடுக்காதீங்க.

ஆர்கேபுரம்வாசி:
நன்றி. எங்ககிட்ட தமிழ்நாட்டு எம்பிசி சர்டிஃபிகேட் இருக்கு. டியுவுக்குப் போதுமா?

நார்த்கேம்பஸ்:
போதாது சார். டியு மத்திய பல்கலை. மத்திய அரசு படிவத்துல, கிரீமி லேயர்ல (இட ஒதுக்கீடு கிடைக்காத வசதியான பிரிவு) வராதவர்னு, இந்த நிதியாண்டுல வாங்கின ஓபிசி சர்டிஃபிகேட் வேணும், பொண்ணு பேர்லயே. முதல்ல உங்க சாதி மத்திய ஓபிசி பட்டியல்ல இருக்கான்னு பாருங்க. மாநிலப் பட்டியல்ல இருக்கிற எல்லாமே அதுல இல்லை. இருந்தா சொந்த ஊர்ல இ-சேவை வழியா வட்டாட்சியர்கிட்ட இன்னைக்கே விண்ணப்பிங்க. அட்மிஷன் சீசன்ல அங்கேயும் கூட்டம்தான்.